பத்துக் கொசுவும் பத்தணாவும்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் கம்மாபுரத்திலும் நெய்வேலிப் பக்கத்து ஊர்களிலும் பள்ளம் கண்ட இடமெல்லாம் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். மலேரியாக் காய்ச்சல் கொசுவால் பரவுவதை இன்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அதைக் கண்டறிந்த டாக்டர் ரொனால்டு ராஸ் அவர்களின் வாழ்க்கையைச் சிறிது பார்ப்போம்.

1857-ஆம் ஆண்டு மே 13-ல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் அவர் பிறந்தார். தகப்பனார் படையதிகாரி. கவிதையிலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்டிருந்த பிள்ளை, தகப்பனாரின் விருப்பத்திற்காகவே மருத்துவம் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் தங்கியிருந்தபோது கொசுத் தொல்லை தாங்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு பீப்பாய் நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். நீரைக் கவிழ்த்துவிட்டார்; கொசுவும் குறைந்தது.

மலேரியாக் கிருமி நோயாளியின் இரத்தத்தில் இருப்பதை லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880-லேயே கண்டிருந்தார். அது எவ்வழியே பரவுகிறது என்பதுதான் விளங்கவில்லை. 1894-ல் லண்டனில் டாக்டர் மேன்சன், கொசுவை ஆராயும்படி ராஸைத் தூண்டினார்.

மறு ஆண்டு சிகந்தராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. காற்றில் கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவை நிறுத்தி வைத்தார். வியர்வை வழிந்து மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருவேறின. ஈராண்டுகள் எத்தனையோ கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை.

1897 ஆகஸ்டில் புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில கிடைத்தன. ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி, அவை தம்மைக் கடிக்க உடன்பட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. பத்துக் கொசுக்களுக்குப் பத்தணா பெற்றார். ஆகஸ்ட் 20-ஆம் நாள், அவற்றுள் ஒன்றின் வயிற்றில் கிருமி வளர்ந்திருப்பதை ராஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், முகம்மது பக்ஸ் என்ற உதவியாளருடன் பறவைகளை வைத்து, கொசுக்கடியால் நோய் பரவும் விதத்தை மெய்ப்பித்தார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது, 1932-ல் காலமானார்.

ராஸின் பெயரை உலகம் அறியும். அன்று காய்ச்சலோடு படுத்திருந்து கொசுக்கடி ஏற்ற ஹுசைன் கானை நினைப்பார் சிலரே. அவருக்கும் நாம் கடன்பட்டவர்களே.

பெங்களூர்ப் பீப்பாய் சொன்ன பாடம் இன்றும் பழையதாகவில்லை. நம் வீட்டுத் தொட்டியை மூடி வைப்போம். பள்ளிவாசல் ஹவுளில் புழுவைத் தின்னும் மீன்களை விட்டு வளர்ப்போம். உளூச் செய்யும் நீரைப் பேணுவதோடு, அந்நீரால் அண்டை வீட்டாருக்குக் காய்ச்சல் வராமல் காப்பதும் நம் பொறுப்பல்லவா?