இமானுவேல் சேகரன்: சீருடையிலிருந்து நினைவிடம் வரை

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்கள் முளைப்பாரியும் பால்குடமும் ஏந்திப் பரமக்குடி நோக்கி நடக்கின்றனர். அந்நடை சென்று சேரும் நினைவிடம் ஒரு முன்னாள் படைவீரருடையது.

இமானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஆசிரியர். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற இளைஞர், 1945இல் இராணுவத்தில் சேர்ந்து ஹவில்தாராக உயர்ந்தார்.

படையிலிருந்து விலகி ஊர் திரும்பியபோது அவரை எதிர்கொண்டது இரட்டைக் குவளை முறை. தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அறிவித்திருந்தது. இராமநாதபுரத்துத் தேநீர்க் கடைகளுக்கு அச்சட்டம் சென்று சேரவில்லை. நாட்டிற்காகச் சீருடை அணிந்தவருக்கும் அங்கே தனிக் குவளைதான். அவர் கிராமம் கிராமமாகச் சென்று தேவேந்திரகுல மக்களைச் சங்கமாகத் திரட்டினார். இரட்டைக் குவளைக்கு எதிராக மாநாடு நடத்தினார்.

1957ஆம் ஆண்டின் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் சாதிப் பகையைக் கூர்மையாக்கியது. தலித்துகளில் பெரும்பாலோர் காங்கிரஸையும், மறவர்களில் பெரும்பாலோர் பார்வர்டு பிளாக்கையும் ஆதரித்தனர். மோதல்களைத் தணிக்க மாவட்ட ஆட்சியர் செப்டம்பர் 10 அன்று அமைதிக் கூட்டம் நடத்தினார். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் பங்கேற்ற அக்கூட்டத்தில் இமானுவேல் தலித்துகளின் பிரதிநிதியாகச் சமநிலையில் நின்று வாதிட்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. கொலையைத் தொடர்ந்து முதுகுளத்தூர் வட்டாரமெங்கும் கலவரம் மூண்டது. கொலைவழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவரை நீதிமன்றம் 1959இல் விடுவித்தது; வேறு மூவர் தண்டிக்கப்பட்டனர்.

அரசு அவரை அங்கீகரிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2010இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11 அன்று, அஞ்சலிக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனைக் காவல்துறை கைது செய்தது. அதைக் கண்டித்துப் பரமக்குடியில் மறியல் நடந்தது. காவல்துறை சுட்டதில் குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தனர். விசாரித்த சம்பத் ஆணையமோ துப்பாக்கிச் சூடு தவிர்க்கவியலாதது என்றது. 2023இல் அவருக்கு மணிமண்டபம் கட்டப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

அஞ்சல்தலையும் மணிமண்டபமும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், நினைவிடம் நோக்கி நடப்போரைத் தடையாணைகளாலும் வாகனக் கட்டுப்பாடுகளாலும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே பார்க்கும் அணுகுமுறை இன்றும் நீடிக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதும் நாடெங்கும் தடையின்றிச் செல்வதும் 19ஆம் பிரிவு உறுதியளிக்கும் உரிமைகள். நியாயமான கட்டுப்பாடு என்பது குறிப்பிட்ட ஆபத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். ஒரு சமூகம் கூடுவதையே ஆபத்தாகக் கருதிப் பிறப்பிக்கப்படும் ஆணை நியாயமானதன்று.

பொதுவெளியில் சமமாக அமரவும் அருந்தவும் பேசவும் உரிமை கோரியதற்காகவே அவர் கொல்லப்பட்டார். அவருக்கான அஞ்சலிநடையும் அதே உரிமையின் தொடர்ச்சிதான். வரும் செப்டம்பரில் பரமக்குடிக்குச் செல்லும் மாணவர்கள் மலர்களோடு இரண்டு கோரிக்கைகளையும் ஏந்திச் செல்ல வேண்டும்: 2011 உயிரிழப்புகளுக்குப் பொறுப்பேற்பு, அச்சமின்றி அஞ்சலி செலுத்தும் உரிமை.