பல மொழி கற்ற தஞ்சை மன்னர்

குழந்தைகளே! தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோவிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில் அரண்மனை இருக்கிறது. அதற்குள்ளே இருப்பது சரஸ்வதி மகால் நூலகம். ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்பெற்ற அந்த நூலகத்தில், 1784ல் அச்சான டாக்டர் ஜான்சனின் ஆங்கில அகராதியும் இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் எழுதிய வேதியியல் நூலும் இருக்கிறது.

நெல் விளையும் காவிரிக் கரையில் ஆங்கில அகராதிக்கும் பிரெஞ்சு நூலுக்கும் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இப்படிப்பட்ட மேல்நாட்டு நூல்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்த ஒரு மன்னர் தஞ்சையில் இருந்தார். அவர் பெயர் இரண்டாம் சரபோஜி.

சரபோஜி 1777ம் ஆண்டு செப்டம்பர் 24ம் தேதி பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் துளஜா. அவருக்கு வாரிசு இல்லாததால், 1787ல் சரபோஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டே துளஜா இறந்துபோனார். இறக்கும்முன், சிறுவனைப் பார்த்துக்கொள்ளும்படி தன் நண்பர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார்.

ஷ்வார்ட்ஸ் ஜெர்மனி நாட்டுக்காரர். 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். நம் ஊருக்கு வருவதற்கு முன்பே தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். வந்த பிறகு மராத்தி படித்தார், இந்துஸ்தானியும் படித்தார்.

ஆனால், அரியணை சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. துளஜாவின் தம்பி முறையான அமர்சிங் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். சரபோஜி அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். வெயில் சரியாக எட்டிப் பார்க்காத அறை. ஒழுங்கான படிப்பும் இல்லை. இளவரசன் படித்துவிடக் கூடாது என்பதில் எதிரிகள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்! படிப்பின் வலிமை அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

ஷ்வார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. சென்னையில் இருந்த ஆங்கிலேய அரசுக்கு முறையிட்டார். அதனால் 1793ல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தடைபட்ட படிப்பு அங்கே தொடர்ந்தது. கெரிக்கே என்ற பாதிரியார் ஆசிரியராக அமைந்தார். சரபோஜி ஆங்கிலத்தை நன்றாகப் பேசவும் எழுதவும் கற்றார். மராத்தி, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என்று அவருடைய மொழிகள் பெருகின.

அந்தக் காலத் தஞ்சைக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். அதற்குத் தெற்கே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். இன்னும் தெற்கே நாகப்பட்டினத்தில் முதலில் டச்சுக்காரர்கள், 1781க்குப் பிறகு ஆங்கிலேயர்கள். ஒரே நாள் பயணத்தில் மூன்று ஐரோப்பிய மொழிகள் காதில் விழும்!

இந்த மொழிகளுக்குள் உறவு உண்டு. 1066ல் பிரான்ஸ் நாட்டின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. மேசையைக் குறிக்கும் டேபிள் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துகளால் எழுதப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் அதைத் தாப்ல் என்று உச்சரிப்பார். பொருள் ஒன்றுதான்.

ஆனால், ஏமாந்துவிடக் கூடாது! ஆங்கிலத்தில் லைப்ரரி என்றால் நூலகம். பிரெஞ்சில் அதைப் போலவே லிப்ரேரி என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் புத்தகக் கடை! நூலகத்தைப் பிரெஞ்சில் பிப்லியோதெக் என்பார்கள். அதேபோல, சான்ஸ் என்றால் ஆங்கிலத்தில் வாய்ப்பு. பிரெஞ்சில் ஷான்ஸ் என்றால் அதிர்ஷ்டம். முகம் ஒன்றுபோல் இருந்தாலும் குணம் வேறு. அதனால்தான் மொழி படிப்பவருக்கு அகராதி வேண்டும்.

மீண்டும் சரபோஜியிடம் வருவோம். 1798 ஜூன் மாதம் அவர் அரியணை ஏறினார். அதைப் பார்க்க ஷ்வார்ட்ஸ் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்தான் காலமாகியிருந்தார். தன் ஆசானுக்காகச் சரபோஜி ஆங்கிலத்திலேயே இரங்கல் கவிதை எழுதினார். அது அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே பெரிய இடி விழுந்தது. 1799 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனியிடம் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுதோறும் ஒரு தொகையும்தான். வேறு ஒருவராக இருந்தால் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். சரபோஜி அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார்! ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் எனப் பல மொழி நூல்கள் தஞ்சைக்கு வந்து சேர்ந்தன. பல நூல்களில் அவர் ஆங்கிலத்தில் போட்ட கையெழுத்தை இன்றும் காணலாம். 1820ல் காசி யாத்திரை போனபோதும் சுவடிகளைச் சேகரித்தார்.

படித்ததைப் பூட்டி வைக்கவும் இல்லை. 1802ல் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் பெயரில் சத்திரம் கட்டினார். அங்கே பிள்ளைகளுக்குச் சோறும் கிடைத்தது, கல்வியும் கிடைத்தது. அரண்மனையில் அச்சுக்கூடம் அமைத்து நூல்களும் அச்சிட்டார்.

இன்னொரு செய்தி. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, மல்லிப்பட்டினம் அருகே மனோரா என்ற கோபுரத்தைக் கட்டியவரும் இவர்தான். போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றாலும், பிரெஞ்சு மொழி மேல் அவருக்குப் பகை இல்லை. 1826ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், லவாய்சியர் போன்ற பிரெஞ்சு அறிஞர்களின் கருத்துகளைச் சரபோஜி சரளமாக எடுத்துச் சொல்வதைக் கேட்டு வியந்துபோனார்.

1832 மார்ச் 7ம் தேதி சரபோஜி மறைந்தார். அவருடைய மகனோடு, 1855ல் தஞ்சை அரசும் முடிந்தது. கோட்டையும் படையும் வரிப்பணமும் போய்விட்டன. புத்தகங்கள் மட்டும் போகவில்லை. 1918ல் அந்த நூலகம் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. மன்னர் புரட்டிய நூல்கள் நம் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டன!

குழந்தைகளே, நாற்றங்காலில் இருக்கும் நாற்றைப் பறித்து வயலில் நட்டால்தானே கதிர் விடும்? அகராதியில் இருக்கும் சொல்லும் அப்படித்தான். ஒரு நோட்டு எடுங்கள். தினமும் ஒரு புதுச் சொல், அதன் பொருள், அதை வைத்து நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். ஆங்கிலமோ பிரெஞ்சோ, எந்த மொழியானாலும் சரி. ஒரே ஆண்டில் 365 சொற்கள் உங்கள் வயலில் விளைந்திருக்கும். அந்த விளைச்சலை யாராலும் அறுத்துக்கொண்டு போக முடியாது!