செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலபுருஷர்

உலகப் பொதுவான ஸ்தாபனம் ஒன்றைத் தலைமைப் பீடத்தின் ஆக்ஞையால் மட்டும் வளர்த்துவிட முடியாது. அந்தந்த தேசத்தார் அதைத் தமதாக்கிக் கொள்ள வேண்டும். ஹென்றி டுனாண்டின் சரித்திரம் இதற்குச் சான்றென்போம்.

1828-ல் ஜினீவாவில் பிறந்த வியாபாரி இவர். 1859 ஜூன் 24-ல் வட இத்தாலியில் ஸால்பரினோ யுத்தம் நடந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு மனம் பதறிய டுனாண்ட், அருகிலுள்ள ஊர்ப் பெண்டிரைத் திரட்டி, இரு கட்சியாருக்கும் பேதமின்றிச் சிகிச்சை செய்வித்தார்.

சமாதான காலத்திலேயே ஒவ்வொரு தேசத்திலும் தொண்டர் சங்கம் அமையவேண்டுமென்று 1862-ல் நூலொன்றில் வற்புறுத்தினார். 1863-ல் ஜினீவாவில் ஐவர் கமிட்டி தோன்றிற்று. அவ்வாண்டு அக்டோபரில் கூடிய மகாநாடு, தேசத்துக்கொரு கமிட்டி என்று தீர்மானித்ததோடு, அதன் அமைப்பு முறையை அக்கமிட்டியின் விருப்பத்துக்கே விட்டது. இந்த சுதந்திரமே இயக்கத்தின் உயிர்நாடியாயிற்று.

1867-ல் டுனாண்ட் திவாலானார். கமிட்டியினின்றும் விலக நேர்ந்தது. வறுமையில் பல்லாண்டு அலைந்து, ஹைடன் என்னும் சிற்றூரில் ஒதுங்கினார். உலகம் அவரை மறந்தது. அவர் வகுத்த சங்கங்களோ நாடுதோறும் பெருகின. 1901-ல் முதலாவது நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரடெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1910-ல் காலமானார்.

மூலபுருஷரை மறந்தது இயக்கத்துக்குப் பெருமையன்று. எனினும் அவர் வீழ்ந்தபோது பணி வீழவில்லை. இன்று 190-க்கு மேற்பட்ட தேசிய சங்கங்கள் இயங்குகின்றன. இந்தியச் சங்கம் 1920-ல் சட்டபூர்வமாக அமைந்தது. கிளைகளுக்குப் பொறுப்பளிக்கத் தயங்கும் தலைவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.