கிரெகரி கோல்மன்

கிரெகரி கோல்மன் (1944 – 2006) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டிரம்ஸ் இசைக் கலைஞர் ஆவார். ஜி. சி. கோல்மன் எனவும் அறியப்பட்டார். 1969 ஆம் ஆண்டில் இவர் வாசித்த ஏறத்தாழ ஏழு விநாடி நீளமான தாளம், ஆமென் பிரேக் என்னும் பெயரில் ஆயிரக்கணக்கான ஹிப் ஹாப், ஜங்கிள் இசைப் பாடல்களுக்கு அடித்தளமாக அமைந்தது. எனினும் இதற்காக இவருக்கு ராயல்டி எனப்படும் உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை.

வாழ்க்கை

கோல்மன் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். பின்னர் வாஷிங்டனைச் சேர்ந்த த வின்ஸ்டன்ஸ் இசைக்குழுவில் இணைந்தார். ரிச்சர்ட் ஸ்பென்சர் இக்குழுவின் தலைவர். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்திருந்தமையால் தென் மாநிலங்களில் இக்குழுவுக்கு நிகழ்ச்சிகள் கிடைப்பது கடினமாக இருந்தது. 1970 இல் குழு கலைந்தது.

ஆமென் பிரேக்

1969 இல் வின்ஸ்டன்ஸ் வெளியிட்ட கலர் ஹிம் ஃபாதர் என்னும் பாடல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, கிராமி விருதையும் பெற்றது. அந்த இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காக ஆமென், பிரதர் என்னும் வாத்திய இசை விரைவில் உருவாக்கப்பட்டது. இதன் மூலமும் புதியதன்று. ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் அமைத்த ஆமென் என்னும் கிறித்தவப் பாடலையும், கர்ட்டிஸ் மேஃபீல்டின் கிட்டார் இசைத்துணுக்கு ஒன்றையும் தழுவியே இது ஆக்கப்பட்டது.

இவ்விசையின் நடுவே ஏனைய கருவிகள் அனைத்தும் நின்றுவிட, நான்கு தாளச் சுற்றுகளுக்குக் கோல்மன் மட்டும் தனித்து வாசிக்கின்றார். இப்பகுதியைத் தாமே நெறிப்படுத்தியதாக ஸ்பென்சர் கூறியுள்ளார். குழுவின் மற்றோர் உறுப்பினரான பில் டொலோட்டா, அது முழுமையாகக் கோல்மனுடையதே எனக் கூறியுள்ளார்.

ஹிப் ஹாப் இசையில்

1973 இல் நியூயார்க்கின் பிராங்க்சு பகுதியில், ஜமேக்காவில் பிறந்த டி.ஜே. கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டித்து ஒலிபரப்பினார். இம்முறையிலிருந்தே ஹிப் ஹாப் வளர்ந்தது. 1986 இல் இத்தகைய தாளங்களைத் தொகுத்து வெளியான அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ் என்னும் தொடரில் ஆமென், பிரதர் இடம்பெற்றது. ஒலித்துணுக்குகளைப் பதிவு செய்து மீள இசைக்கும் சாம்ப்ளர் கருவிகளும் அக்காலத்தில் பரவியதால், இத்தாளம் பலருடைய கைகளுக்கு எட்டியது. என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன் (1988) இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். 1990களில் பிரித்தானியாவின் ஜங்கிள் இசை பெருமளவு இதனையே சார்ந்திருந்தது.

உரிமைச் சிக்கல்

பதிப்புரிமை பொதுவாகப் பாடலை இயற்றியவருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் உரியது. டிரம்ஸ் கலைஞர் சேர்க்கும் தாளம் பெரும்பாலும் இயற்றலாகக் கருதப்படுவதில்லை. ஆகவே முறையாக அனுமதி பெறப்பட்டிருந்தாலும் கோல்மனுக்குப் பங்கு கிடைத்திருக்கும் என்பது உறுதியன்று. ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்கி டிரம்மர் (1970) இசையில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் இதே நிலை ஏற்பட்டது.

பதிப்புரிமையைக் கொண்டிருந்த ஸ்பென்சரும் 1996 இல்தான் இத்தாளத்தின் பரவலை அறிந்தார். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

மறைவும் அங்கீகாரமும்

கோல்மன் 2006 இல் அட்லாண்டா நகரில், வீடின்றி வறிய நிலையில் காலமானார். தமது தாளத்தின் புகழை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பது ஸ்பென்சரின் கருத்து. 2015 இல் பிரித்தானிய டி.ஜே.க்கள் தொடங்கிய இணையவழி நிதி திரட்டல் மூலம் ஸ்பென்சருக்கு ஏறத்தாழ 24,000 பவுண்டு வழங்கப்பட்டது. அப்போது கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்பென்சர் 2020 இல் காலமானார்.