25 டாலர் துப்பாக்கி, 18 லட்சம் டாலர் ஏலம்... சாமுவேல் கோல்ட் கதை தெரியுமா?

கெளபாய் படம் பார்த்திருப்பீங்க. ஹீரோவோட இடுப்புல ஒரு ரிவால்வர் தொங்கும். அந்த ரிவால்வருக்குப் பின்னால் இருக்கும் பெயர்தான் கோல்ட். தங்கம் இல்லீங்க, ஓர் ஆளோட பெயர். ஆனா, அந்தப் பெயர் பொறித்த பழைய துப்பாக்கிகள் அமெரிக்க ஏலங்களில் போகும் விலையைக் கேட்டா, தங்கம்னே நினைச்சிடுவீங்க. வாங்கி வெச்சா உண்மையிலேயே விலை ஏறுமா? அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே பாதி புரிஞ்சிடும்.

சாமுவேல் கோல்ட் 1814-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். சின்ன வயசுலயே அம்மா இறந்துட்டாங்க. அப்பாவோட வியாபாரமும் நொடிச்சுப்போச்சு. 16 வயசுல கோர்வோ என்ற கப்பலில் வேலைக்கு ஏறி நம்ம கல்கத்தா வரை வந்துட்டுப் போனார். கப்பலின் சக்கரத்தைப் பார்த்துதான் சுழலும் சிலிண்டர் யோசனை வந்ததாச் சொல்வாங்க. சுழல் துப்பாக்கிகள் அதுக்கு முன்னாடியே உண்டு. பின்னால் இருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தாலே சிலிண்டர் தானாகச் சுழன்று பூட்டிக்கொள்ளும்படி செய்ததுதான் அவருடைய வேலை.

மாதிரி செய்யக் காசு வேணுமே? அதுக்கு அவர் பிடிச்ச வழி செம காமெடி. டாக்டர் கோல்ட் என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கிட்டு, நியூயார்க், லண்டன், கல்கத்தா என்று ஊர்ப் பெயர்களையும் விளம்பரத்தில் சேர்த்து, ஊர் ஊராகப் போய் மேடையில் சிரிப்பு வாயு காட்டினார். டிக்கெட் வாங்கினவங்க வாயுவை இழுத்துட்டு மேடையில் ஆடுவாங்க, கூட்டம் கைதட்டும். அந்தக் காசு துப்பாக்கி செய்பவர்களுக்குப் போனது.

1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை ஆரம்பமானது. ஆனா, சரக்கு ஓடல. விலை அதிகம், நுட்பம் புதுசு, ராணுவமும் பெரிசா மதிக்கல. 1839-ல் டெக்சாஸ் கடற்படை 180 ரிவால்வர் வாங்கியது பெரிய ஆறுதல். 1842-ல் தொழிற்சாலையை மூடவேண்டியதாயிற்று. அதே வருஷம் அவருடைய அண்ணன் ஜான், கொலை வழக்கில் தூக்கிலிடப்பட வேண்டிய நாளில் சிறையிலேயே உயிரை விட்டார். சாமுவேலுக்கு அப்போ வயசு 28.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்க. யாருமே வாங்காம கம்பெனியையே மூட வெச்ச அந்தப் பேட்டர்சன் துப்பாக்கி ஒண்ணு, பெட்டியோடு, நல்ல நிலையில், 2011-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 9,77,500 டாலர். அன்னைக்கு விற்காததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் இன்னைக்கு விலை.

அடுத்த திருப்பம் 1846-47ல். மெக்சிகோவோடு போர். பேட்டர்சன் துப்பாக்கியோடு கமான்ச்சி பழங்குடிகளை எதிர்த்துச் சண்டை போட்டிருந்த சாமுவேல் வாக்கர் என்ற டெக்சாஸ்காரர், அதைவிடப் பெரிய ரிவால்வர் கேட்டார். (இந்தத் துப்பாக்கிகளின் புகழ் யாருடைய நிலத்தில், யாருடைய உயிரில் சம்பாதித்தது என்பதை ஏலக் கேட்லாக்குகள் அழகான ஃபோட்டோவுக்குக் கீழே பொடி எழுத்தில்தான் சொல்லும்.) அரசு ஆர்டர் 1,000 துப்பாக்கி, ஒன்று 25 டாலர். கோல்ட்டுக்குத் தொழிற்சாலையும் இல்லை. மாதிரிக்குக் காட்ட தன் பெயர் போட்ட துப்பாக்கி ஒண்ணுகூட கையில் இல்லை. எல்லாமே கைமாறிப் போயிருந்தது. எலி விட்னியின் மகனுடைய பட்டறையில்தான் செய்து கொடுத்தார். பொதுமக்களுக்கு என்று இன்னும் ஒரு நூறு சேர்த்துச் செய்தார்கள்.

இதுதான் வாக்கர் மாடல். கிட்டத்தட்ட 2 கிலோ எடை. அன்றைய இரும்பு அவ்வளவு மருந்தின் வேகத்தைத் தாங்காமல் பல துப்பாக்கிகளின் சிலிண்டரே வெடிச்சிடுச்சு. போரிலும் நிறைய அழிந்தது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 2018-ல் பெட்டியோடு இருந்த ஒரு வாக்கர், ஏலக் கமிஷனும் சேர்த்து 18.4 லட்சம் டாலருக்குப் போனது. அப்போதைய கணக்கில் சுமார் 12 கோடி ரூபாய்.

வாயைப் பிளக்குறதுக்கு முன்னாடி மொபைல்ல கால்குலேட்டரைத் திறங்க. 1847-ல் 25 டாலர், 2018-ல் 18.4 லட்சம். நடுவில் 171 வருஷம். கூட்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தா, வருஷத்துக்கு 7 சதவிகிதத்துக்கும் கொஞ்சம் கம்மிதான் வருது. நம்ம ஊர் வங்கி டெபாசிட் ரேஞ்ச்! அதுவும் அந்த மாடலிலேயே மிகச் சிறந்த ஒண்ணுக்கு. துருப்பிடித்தது, வெடித்தது, தொலைந்ததெல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இத்தனை வருஷம் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டி, ஈரம் படாத அறை, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் தனிச் செலவு. விற்கும்போது ஏல நிறுவனத்துக்குப் பங்கு. இந்தியாவில் என்றால் சேகரிப்புப் பேச்சே கஷ்டம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

கதைக்கு வருவோம். வாக்கர் ஆர்டருக்குப் பிறகு கோல்ட்டைப் பிடிக்க முடியல. 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சியில் கடை போட்டார். 1855-ல் ஹார்ட்ஃபோர்டில் பிரமாண்ட தொழிற்சாலை. பெரும்பாலும் இயந்திரத்திலேயே தயாரிப்பு. மார்க்கெட்டிங்கில் கில்லாடி. தங்கம் இழைத்த துப்பாக்கிகளைத் துருக்கி சுல்தானுக்கும் ரஷ்ய ஜாருக்கும் பரிசளித்தார். இரண்டு பேருமே எதிரிகள், இரண்டு பேருமே கஸ்டமர்கள். உள்நாட்டிலும் அதே கதைதான். உள்நாட்டுப் போர் தொடங்கும் தறுவாய் வரை தென் மாநிலங்களுக்கும் சரக்கு அனுப்பினார். துரோகி என்று பத்திரிகைகள் திட்டின.

அந்தத் தொழிற்சாலையில் வந்த 1851 நேவி மாடல் 2 லட்சத்துக்கும் மேல், 1849 பாக்கெட் மாடல் 3 லட்சத்துக்கும் மேல். அதனாலேயே ரெண்டும் வாக்கரைவிட ரொம்ப ரொம்ப மலிவு. வயசு மட்டும் விலையைக் கூட்டாது பாஸ். முதல் நாள் பூசிய நீல மெருகு எவ்வளவு மிச்சம் இருக்குன்னுதான் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பாங்க. தாத்தா துப்பாக்கியைப் பளபளன்னு தேய்ச்சு பாலிஷ் போட்டா, பாதி விலையைத் துணியிலேயே துடைச்சு எடுத்த மாதிரி. போலிகளும் அதிகம், அதுவும் வாக்கரில்.

1862 ஜனவரியில் கோல்ட் இறந்தார். வயசு 47. விட்டுச்சென்ற சொத்து சுமார் 1.5 கோடி டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். 1864-ல் தொழிற்சாலை எரிந்து நாசமானது. மனைவி எலிசபெத் அதைத் திரும்பக் கட்டி நடத்தினார். 1905-ல் அவர் மறைந்தபோது கணவர் சேகரித்த துப்பாக்கிகள் ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றை இனி எந்த ஏலத்திலும் பார்க்கமாட்டீங்க.

கம்பெனி? பழைய துப்பாக்கிகள் ஏறிக்கிட்டே போக, அதைச் செய்த கம்பெனி 1992-லும் 2015-லும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 1960, 70-களில் நினைவுப் பதிப்பு என்று அழகழகாக நிறைய துப்பாக்கிகளை வெளியிட்டாங்க. பின்னாளில் விலை ஏறும்னு நம்பி வாங்கினவங்க எல்லாரும் பெட்டியைப் பிரிக்காம பத்திரமா வெச்சாங்க. எல்லாரும் பத்திரமா வெச்சதால எதுவுமே அபூர்வம் ஆகல. பெரும்பாலானதுக்கு விலையும் எதிர்பார்த்த மாதிரி ஏறல.

2021 மே மாதம் செக் நாட்டு நிறுவனம் ஒன்று கோல்ட்டை வாங்கிக்கொண்டது. அதே ஆகஸ்ட்டில், 1881-ல் பில்லி த கிட்டைச் சுட்டுக் கொல்ல ஷெரீஃப் பேட் காரெட் பயன்படுத்திய கோல்ட் ரிவால்வர் 60.3 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கோல்ட் இறந்து 11 வருஷம் கழித்து வந்த 1873 மாடல் அது. அதே மாடலில், அதே காலத்தில் செய்து, யாருடைய கையில் இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத சாதாரணத் துப்பாக்கிகள் இப்போதும் சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கின்றன.