58 வருடங்கள் பிந்தி வந்த பட்டம்: மீர் சுல்தான் கானின் கதை

வகுப்பில் சதுரங்க வீரர் ஒருவரின் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் விஸ்வநாதன் ஆனந்த் என்பார்கள். இப்போது குகேஷ் என்றும் சொல்கிறார்கள். 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த்தான் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர். ஆனால் ஆனந்த் பிறப்பதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்னரே, 1929இல், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இங்கிலாந்துக்குப் போய் பிரித்தானியாவின் சாம்பியன் ஆகியிருந்தார். அவர் பெயர் மீர் சுல்தான் கான். அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பெயருக்கு முன்னால் 'வேலைக்காரர்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது பஞ்சாபின் மிட்டா திவானா என்ற ஊரில். பிறந்த ஆண்டைப் பழைய நூல்கள் 1905 என்றும் பின்னர் வந்தவை 1903 என்றும் குறிப்பிடுகின்றன. சதுரங்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் தகப்பன். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. இருபத்தொரு வயதாகும்போது பஞ்சாபில் அவரை வெல்ல ஆளில்லை என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பகுதியின் பெரும் நிலக்கிழாரான சேர் உமர் ஹயாத் கான் திவானா சதுரங்கப் பிரியர். அவர் சுல்தான் கானைத் தன்னிடம் அழைத்து, ஆதரவு கொடுத்து, ஐரோப்பிய முறை ஆட்டத்தைப் பழக்கினார். 1928இல் அகில இந்திய சாம்பியன் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்றார், ஒன்றைச் சமநிலையில் முடித்தார், ஒன்றிலும் தோற்கவில்லை.

ஐரோப்பிய முறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் இன்று நமது பாடசாலைகளில் பிள்ளைகள் ஆடுகிற அதே ஆட்டம் அல்ல. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்ற முடியாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரு தடவை மட்டும் குதிரையைப் போலப் பாயலாம். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிடாது, அந்த நெடுவரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும். ஆகவே ஆட்டம் மெதுவாகத் தொடங்கும், மனனம் செய்த தொடக்கங்களுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஐரோப்பியர்களோ தொடக்க நகர்வுகளைப் புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு வருகிறவர்கள். சுல்தான் கான் பல ஆட்டங்களில் தொடக்கத்தில் பின்தங்கினார். நடுப்பகுதியில் மீண்டு, காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்தில் எதிராளியைப் பிடித்தார். அவருடைய ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும்.

உமர் ஹயாத் கான் இந்திய அமைச்சருக்கான ஆலோசனைச் சபையின் உறுப்பினராக லண்டன் சென்றபோது சுல்தான் கானும் 1929இல் அங்கு போனார். அவருக்காக ஏற்பாடு செய்யப்பட்ட பயிற்சிப் போட்டியில் கடைசி இடத்தைத்தான் பகிர்ந்துகொண்டார். பின்னர் வில்லியம் வின்டர், பிரெட்ரிக் யேட்ஸ் என்ற இரு ஆங்கில வீரர்கள் அவரோடு பயிற்சியில் ஈடுபட்டார்கள். அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட்டில் பிரித்தானிய சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வந்தது. 1932இலும் 1933இலும் மறுபடியும் வென்றார்.

இவற்றையெல்லாம் விட அதிகம் பேசப்படுவது 1930 முடிந்து 1931 பிறந்த வேளையில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போட்டி. அங்கே அவருக்கு எதிரே இருந்தவர் கியூபாவின் கபபிளாங்கா, முன்னாள் உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை எட்டு வருடங்கள் எவரிடமும் தோற்காதவர். 65 நகர்வுகள் நீண்ட அந்த ஆட்டத்தில் சுல்தான் கான் வென்றார். அதே 1931இல் டார்ட்டகோவருடன் நடந்த 12 ஆட்டத் தொடரை 6½க்கு 5½ என்று கைப்பற்றினார். இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் மூன்று ஒலிம்பியாட்களில் ஆடினார். பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் ரூபின்ஸ்டீனையும் ஃபுளோரையும் தோற்கடித்து, அப்போதைய உலக சாம்பியன் அலேகினுடன் சமநிலை கண்டார். மலேரியாவும் இங்கிலாந்தின் குளிரும் அவரை விடவில்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட வந்த நாட்கள் பல.

1933இல் அதே வீட்டிலிருந்து இன்னொரு சாம்பியனும் வந்தார். உமர் ஹயாத் கானின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற இளம்பெண் அவ்வருடம் பிரித்தானியப் பெண்கள் சாம்பியன் பட்டத்தை வென்றார். அவரைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். நமது பெண்பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பெயர் அது.

இனி அந்த 'வேலைக்காரர்' விடயம். 1933இல் உமர் ஹயாத் கானின் லண்டன் வீட்டுக்கு விருந்துக்குப் போன அமெரிக்க அணியில் ரூபன் ஃபைன் இருந்தார். தங்களுக்குப் பரிமாறியவர் சுல்தான் கான்தான் என்று பிற்காலத்தில் எழுதினார். கதை அங்கிருந்து பரவி, 2020இல் வெளிவந்த ஓர் ஆங்கில நூலின் தலைப்புவரை போய்விட்டது. குடும்பத்தினர் இதை மறுக்கிறார்கள். சுல்தான் கான் நிலமுள்ள, மார்க்கத் தலைவர்கள் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், படிப்பறிவில்லாதவருமல்ல என்பது அவர்கள் வாதம். அவர் உமர் ஹயாத் கானின் செலவில் வாழ்ந்தார், அவர் போன இடத்துக்குப் போனார், அவர் திரும்பியபோது திரும்பினார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் விருந்தாளிக்குப் பரிமாறியதை வைத்து ஒருவரை வேலைக்காரர் என்று முடிவுகட்டுவது சரியா? நமது கலியாண வீடுகளில் சஹன் தூக்கி வருகிறவர்கள் யார்? வீட்டுப் பிள்ளைகளும் மருமக்களும்தானே.

1933 டிசம்பரில் இந்தியா திரும்பினார். 1935இல் காடில்கர் என்ற வீரருடன் பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்றை மட்டும் சமநிலையில் விட்டு ஏனையவற்றில் வென்றார். அத்தோடு போட்டி மேசையை விட்டு விலகினார். சர்வதேச அரங்கில் அவர் ஆடியது ஐந்து வருடங்கள்கூட இல்லை. மீதி வாழ்நாளைத் தன் ஊர்ப் பக்கத்தில் நிலத்தோடு கழித்தார். 1947இல் அந்தப் பகுதி பாகிஸ்தானானது. பிள்ளைகளைச் சதுரங்கத்தின் பக்கம் அவர் திருப்பவில்லை, அதைவிடப் பயனுள்ள எதையாவது செய்யுங்கள் என்பதே அவர் விருப்பம்.

1950இல் சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. டார்ட்டகோவர், ரூபின்ஸ்டீன், ஃபுளோர் மூவரும் அதில் இருந்தார்கள். மூவரும் சுல்தான் கானிடம் தோற்றவர்கள். அவர் பெயர் இல்லை. ஆட்டத்தை விட்டு நெடுநாளாகிவிட்டது என்று காரணம் சொல்லவும் இடமில்லை, ஏனென்றால் ரூபின்ஸ்டீனும் 1930களின் தொடக்கத்திலேயே ஒதுங்கியவர்தான். சுல்தான் கானுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் அவர் வபாத்தானார். 2024 பெப்ரவரியில் சம்மேளனத்தின் தலைவர் ஆர்காடி துவோர்கோவிச் பாகிஸ்தானுக்கு வந்து, மர்ஹூம் சுல்தான் கானுக்கான கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அந்நாட்டின் அப்போதைய இடைக்காலப் பிரதமர் அன்வாருல் ஹக் காக்கரிடம் கையளித்தார். பாகிஸ்தானுக்கு அதுவரை ஒரு கிராண்ட்மாஸ்டரும் இருக்கவில்லை.