பேராசிரியர் எலியேசர்: எம்மவருள் ஒரு கணித மேதை (1918 - 2001)

தமிழ்க் கணித மேதை யார் என்று எமது பிள்ளைகளைக் கேட்டால் இராமானுஜன் என்பார்கள். அது சரியே. ஆனால் பருத்தித்துறையில் படித்து, பிரயோக கணிதத்தில் உலகறிந்த பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசரின் பெயரை அவர்கள் அறியார்கள். அந்தக் குறை பெற்றோராகிய எம்முடையது.

1918 இல் இலங்கையின் வடபகுதியில் பிறந்த எலியேசர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கேம்பிறிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற போல் டிராக் அவர்களிடம் ஆய்வு செய்தார்.

1943 இல் வெளியான அவரது ஆய்வே பெரும் புகழைத் தந்தது. இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் 1938 இல் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். ஐதரசன் அணுவில், கருவை நோக்கி நேராகச் செல்லும் இலத்திரனுக்கு எலியேசர் அதனைப் பிரயோகித்தார். கரு தன்னை இழுத்தபோதும் இலத்திரன் கருவை அடையாது, திரும்பி, மேன்மேலும் விரைந்து ஓடிவிடும் என்று விடை வந்தது. கணக்காளராகிய எமக்கு இது நன்கு விளங்கும். கூட்டல் சரியாக இருந்தும் நடக்கமுடியாத தொகை வந்தால், பிழை கூட்டலில் இல்லை. எடுத்துக்கொண்ட விதியிலேயே உள்ளது. குருவின் சமன்பாட்டிலுள்ள சிக்கலை மாணவரே நேர்மையாகக் காட்டினார். இன்றும் அது எலியேசர் தேற்றம் எனப்படுகிறது.

1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் தமிழர் மீது வன்செயல் நடந்தது. 1959 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1968 இல் மெல்பேண் லா றோப் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதப் பேராசிரியரானார். இலங்கை மாணவர் பெற்றிருக்க வேண்டியதை மலேசிய, அவுஸ்திரேலிய மாணவர் பெற்றனர்.

1983 இல் அவர் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு யூலையில் நடந்ததை எமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓய்வை அனுபவிக்க வேண்டிய வயதில், அவுஸ்திரேலியத் தமிழ்ச் சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கி, அகதியாக வந்தோருக்காகவும் ஊரில் அவதிப்பட்டோருக்காகவும் உழைத்தார். அவுஸ்திரேலிய அரசு அவருக்கு விருதளித்துக் கௌரவித்தது. 2001 மார்ச் 10 இல் காலமானார்.

ஆலயச் செய்திமடலில் ஒரு கிறிஸ்தவரைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். துன்பப்பட்ட தமிழருக்காக உழைத்தபோது அவர் எவரின் சமயத்தையும் பார்க்கவில்லை. நாமும் பார்க்கலாகாது.

மொன்றியலில் செஜெப் படிக்கும் ஒரு பிள்ளை, மருத்துவமும் பொறியியலும் வேண்டாம், கணிதமே படிக்கப்போகிறேன் என்று சொன்னால், நாம் முகம் சுளிக்க வேண்டாம். எலியேசரின் பெயரைச் சொல்லி அனுப்பி வைப்போம்.